கடல் மட்டத்திலிருந்து பனிமலைக்கு: புதுச்சேரி, கடலூர்காரர்கள் தயாராக வேண்டிய வரிசை

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் இமயமலை நடைப்பயணத்துக்குக் கிளம்பிய சில குழுக்களோடு நானும் நடந்திருக்கிறேன். அவற்றில் திணறியவர்கள் பெரும்பாலும் நல்ல உடல்கட்டு உள்ளவர்கள்தாம். ஆனால் வேலைகளைத் தலைகீழாகச் செய்திருந்தார்கள். முதலில் பணம் கட்டினார்கள். அடுத்து ஜாக்கெட் வாங்கினார்கள். மூன்று வாரம் இருக்கும்போது நடக்க ஆரம்பித்தார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மருத்துவரிடம் போய்ச் சான்றிதழில் கையெழுத்துக் கேட்டார்கள்.

அந்த வரிசையை நேராக்கத்தான் இதை எழுதுகிறேன். கணக்குப் பார்க்க வசதியாக, நம் ஊர்க்காரர்கள் முதல் பயணமாக அதிகம் தேர்ந்தெடுக்கும் கேதார்காந்தாவை எடுத்துக்கொள்கிறேன். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. சங்கிரி என்ற கிராமத்தில் சுமார் 1,950 மீட்டரில் ஏறத் தொடங்கி, சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள சிகரத்தைத் தொட்டுத் திரும்பும் பாதை. வேறு மலைக்குப் போனாலும் வரிசை மாறாது.

1. மருத்துவர்: நான்கு மாதம் முன்பே

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே தெரியவரும் சில குறைகளைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும் என்பதே. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மலையில் மூச்சு வாங்குவது இரட்டிப்பாகத் தெரியும். காற்றிலேயே ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும்போது அதைச் சுமந்து செல்ல ரத்தமும் போதவில்லை என்றால் உடல் என்ன செய்யும்? நம் பெண்களில் பலருக்கு இந்தக் குறை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை பலன் தர இரண்டு மூன்று மாதம் வேண்டும்.

ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம், இசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்கள், டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா இருந்ததை, சிறுவயதில் இருந்திருந்தாலும், மறைக்காதீர்கள். கருவுற்றிருப்பவர்கள் பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள். குளிரில் அது கிளப்பும் வலிக்கு முகாமில் மருந்து கிடையாது.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல் என்று தொடங்கும் உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றியும் இதே சந்திப்பில் பேசிவிடுங்கள். மருந்துக் கடையில் டயமாக்ஸ் என்று சொன்னால் தெரியும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பார்கள். உங்களுக்கு வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இந்த மாத்திரையைப் போட்டால் விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும். இவை தெரியாமல் மலையில் முதல்முறை போட்டுக்கொண்டவர்கள் வேறு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

2. மலையைவிட முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடக்கே இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. கேதார்காந்தாவின் பனிக்காலம் டிசம்பர், ஜனவரி. அதற்கான பயிற்சி மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். நமக்கோ அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது. யார் நடக்கப் போவார்கள்?

ஆகவே டிசம்பரில் போக விரும்பினால் ஆகஸ்டிலேயே தொடங்கி, மழை வருவதற்குள் அடித்தளத்தைப் போட்டுவிடுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஏப்ரல் கடைசி அல்லது மே. அதற்கான பயிற்சி ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். நம் கடற்கரையில் காலையில் ஓடுவதற்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. மலையிலும் குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காது.

உயரத்தைப் பொறுத்தவரை முதல் பயணம் 4,000 மீட்டருக்குள் இருக்கட்டும். 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நேரே போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் உடல் உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதைச் சின்ன மலையில் தெரிந்துகொள்வது நல்லது.

3. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்குகிறோம் என்ற பட்டியலை முதலில் வாங்குங்கள். பகலில் எவ்வளவு ஏறுகிறோம் என்பதைவிட இரவில் எங்கே படுக்கிறோம் என்பதே உடலுக்கு முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பட்டியலில் ஓய்வு நாளே இல்லாத உயரமான பயணம் விலை குறைவாக இருக்கிறது என்று எடுக்காதீர்கள். குறைந்த அந்த ஒரு நாள் உங்கள் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்டது.

அடுத்து, ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாம் வரை வரும், நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு யார் கீழே இறங்குவார்கள், வழிகாட்டி முதலுதவிப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு பதில் வந்தது. பணத்தைக் கட்டினேன். பதினெட்டுப் பேருக்கு ஒரே ஒரு வழிகாட்டி. அன்றிலிருந்து இந்தக் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

காப்பீடு எடுத்தால், எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

4. டிக்கெட்: இரு முனையிலும் ஒரு நாள் உபரி

ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன் என்று மாறிப் போவதே பலருக்குத் தோதான வழி. டேராடூனிலிருந்து சங்கிரிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் என்றாலும் மலைப்பாதை. ஒரு பகல் முழுவதும் ஆகிவிடும்.

வண்டி அதிகாலையில் டேராடூனிலிருந்து கிளம்பும். அன்று காலையில் வந்து சேரும் ரயிலில் டிக்கெட் எடுக்காதீர்கள். ரயில் தாமதமானால் வண்டி காத்திருக்காது. தாமதமாகவில்லை என்றாலும், இரண்டு இரவு ரயிலில் தூங்கிய உடம்போடு நேராக மலைக்குப் போவீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய், சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மசூரியில் ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. கடல் மட்டத்து உடம்புக்கு அந்த ஓர் இரவும் கொஞ்சம் உதவும்.

5. பயிற்சி: மலையே இல்லாத ஊரில் எப்படி?

பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே எவ்வளவு ஓடினாலும் உயரம் பழகாது. 3,800 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அதற்கு உடல் பழகுவது மலையில், நாள் கணக்கில் மட்டுமே நடக்கும். பிறகு பயிற்சி எதற்கு? களைத்துப் போகாத கால் இருந்தால்தான் மெதுவாக, சீராக, மூச்சைச் சிந்தாமல் ஏற முடியும். அதற்காக.

முதல் நான்கு வாரம்: வாரத்தில் நான்கு நாள் வேக நடையும் மெல்லோட்டமும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் வசதி. கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினம் மணலில் பாதித் தூரம் நடந்தால் கணுக்காலும் ஆடுசதையும் நன்றாக உறுதிப்படும். ஐந்து கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் முடித்த பிறகும் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த கட்டம்.

அடுத்த நான்கு வாரம்: படிக்கட்டு. நான்கு மாடிக் கட்டடம் ஒன்று போதும். தரையிலிருந்து மேலே வரை சுமார் 12 மீட்டர். 25 முறை ஏறினால் 300 மீட்டர் ஏற்றம். முதல் வாரம் பத்து முறையில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். முதுகுப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கினால் எடைக்கு எடை, கணக்குக்குக் கணக்கு. மூன்று பாட்டிலில் ஆரம்பித்து ஏழு வரை போகலாம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ஏறுவதை மட்டும் பயிற்சி செய்துவிட்டு லிஃப்டில் இறங்குவது. மலையில் முழங்கால் வலிப்பது இறங்கும்போதுதான். ஆகவே படியில், பையோடு, முன்பாதத்தை மெல்ல ஊன்றி இறங்கிப் பழகுங்கள். வாரம் மூன்று நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி, தொடையின் முன்பக்கம் தீய்வது போல இருக்கும் வரை.

கடைசி நான்கு வாரம்: வார இறுதிகளில் உண்மையான ஏற்றம். செஞ்சி ராஜகிரிக் கோட்டை நமக்கு அருகில் இருக்கிறது. காலையில் திறந்தவுடன் ஏறி இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். ஒருமுறையாவது திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்குப் போய்வாருங்கள். சுமார் 4,500 அடி, பல மணி நேர ஏற்றம். உச்சிக்கு அருகே கடப்பாரைப் படியும் இரும்பு ஏணியும் இருப்பதால் உயரத்தைக் கண்டு தலை சுற்றுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏறி வந்த மறுநாளும் நடக்க வேண்டும். இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுக்கை என்று பழகிய கால், பயணத்தின் இரண்டாம் நாள் காலையில் ஒத்துழைக்காது. வலிக்கும் காலோடு ஞாயிறு காலையும் இரண்டு மணி நேரம் நடங்கள். கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் லேசான நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

6. காலணி: பயிற்சியின் ஐந்தாவது வாரத்தில்

மாலையில் போய் வாங்குங்கள். பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகும் தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் முன்பக்கம் இடித்து இடித்துக் கறுத்துவிடும்.

வாங்கிய காலணியில் குறைந்தது 50 கிலோமீட்டர் நடந்த பிறகே கிளம்புங்கள். மீதமுள்ள படிக்கட்டுப் பயிற்சி முழுவதையும் அதிலேயே செய்யலாம்.

அண்ணனுடையது, நண்பருடையது என்று பரணிலிருந்து எடுத்த பழைய காலணி வேண்டவே வேண்டாம். அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை, நம் கடலோர ஈரப்பதத்தில் உள்ளுக்குள்ளே சிதைந்துவிடும். வெளியே புதிது போலவே இருக்கும். ஒரு பயணத்தில் என் முன்னே நடந்த ஒருவருடைய காலணியின் அடிப்பாகம், இரண்டாவது மணி நேரத்தில் நாய் நாக்கைத் தொங்கவிடுவது போலத் தொங்கியது. ஊருக்கு வரும்வரை கயிற்றால் சுற்றிக்கட்டி நடந்தார். பனி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

7. துணி: மூன்று அடுக்கு, பருத்தி கூடாது

நமக்குப் பருத்திதான் பழக்கம், அதுதான் ஆபத்து. வியர்வையில் நனைந்த பருத்தி காயாது. நின்றவுடன் உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸும் அப்படியே.

உடலோடு ஒட்டிய தெர்மல் அல்லது செயற்கை இழைச் சட்டை ஓர் அடுக்கு. அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை. அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். முகாமில் உட்காரும்போது போட்டுக்கொள்ளக் கனமான இறகு ஜாக்கெட் தனி. இவற்றில் தெர்மல், காலுறை, கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். நடைக்கோல், கனமான ஜாக்கெட், பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் ஆகியவை அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் குல்லாவும் கையுறையும் மலிவாக வாங்கலாம்.

கண்ணாடியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று உறுதியாகத் தெரிந்ததை வாங்குங்கள். புதுப்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி வீசும். ஒரு நாள் வெறுங்கண்ணோடு நடந்தால் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும்.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குவது நம்மவர்கள் தவறாமல் செய்யும் பிழை. பத்தே நிமிடத்தில் வியர்த்துவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, ஜாக்கெட்டைப் போட வேண்டும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காலுறையைத் தனியே கட்டி வையுங்கள். அதைப் பகலில் தொடவே கூடாது.

8. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

உயரத்தில் பசி குறையும். முகாமில் ரொட்டியும் பருப்பும் சோறும் சூடாகக் கிடைத்தாலும் இறங்காது. ஒரு சிறு டப்பாவில் பருப்புப் பொடி, கொஞ்சம் ஊறுகாய், சுக்குப் பொடி கொண்டுபோங்கள். நாக்குக்குத் தெரிந்த ருசி இருந்தால் இரண்டு கவளம் கூடப் போகும். வழியில் கொறிக்கப் பண்ருட்டி முந்திரியும் பேரீச்சையும் போதும்.

தண்ணீர் நாளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர். குளிரில் தாகம் தெரியாது. மணிக்கு ஒருமுறை நினைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். இரவில் கூடாரத்தைவிட்டு வெளியே போகப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், காலையில் தலைவலியோடு எழுகிறார்கள். அது தண்ணீர்க் குறைவா, உயர நோயா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு தோழியை எழுப்பி வெளியே போய்வாருங்கள். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

கழிப்பறை என்பது கூடாரத்துக்குள் ஒரு குழி. தண்ணீருக்குப் பதில் காகிதம், மண். வீட்டிலேயே மனத்தைத் தயார்செய்துகொள்வது நல்லது. மாதவிலக்கு நாள் இல்லை என்றாலும் அணையாடை எடுத்துச் செல்லுங்கள். உயரமும் அலைச்சலும் நாளை மாற்றிவிடும். பயன்படுத்தியதை மூடும் பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். குழியில் போடக் கூடாது.

படுக்கப் போகும் முன் உலோகப் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, காலுறைக்குள் நுழைத்து, உறக்கப்பையில் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கால் சூடாக இருக்கும், காலையில் குடிக்கத் தண்ணீரும் உறையாமல் இருக்கும். செல்பேசியும் பேட்டரியும்கூட உறக்கப்பைக்குள்தான் தூங்க வேண்டும். குளிரில் சார்ஜ் தானாக இறங்கிவிடும்.

9. மலையில்: தலைவலியை மறைக்காதீர்கள்

இதற்காகத்தான் மற்ற எட்டையும் எழுதினேன்.

இரண்டாவது முகாம். எங்கள் குழுவில் எல்லோருக்கும் முன்னால் நடந்தவர் கடலூரைச் சேர்ந்த ஓர் இளைஞர், தினமும் ஓடுகிறவர். மாலையில் தேநீர் வந்தபோது குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை. தேநீரில் ஆடை படிந்து சுருங்கியது. அப்போதும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்றும் இல்லை அண்ணா, களைப்புதான்" என்றார். வழிகாட்டி வந்து அருகில் உட்கார்ந்து அந்தக் குவளையைப் பார்த்தார். மதியத்திலிருந்து தலை வலிக்கிறது, ஒருமுறை வாந்தியும் எடுத்தார் என்பது அதன்பிறகுதான் வெளியே வந்தது. மறுநாள் உதவியாளர் ஒருவர் துணையோடு அவர் கீழே இறங்கினார். கீழ் முகாமில் மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாராம்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், மிகுந்த களைப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அங்கேயே ஓய்வெடுங்கள். முழுதாகத் தெளியும் வரை ஒரு மீட்டர்கூட மேலே போகக் கூடாது. மோசமானால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைகளில் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், நுரையான சளி: நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நேர்கோட்டில் குதிகாலுக்கு முன் விரல் வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது, குழறுவது, குழம்புவது: மூளை வீங்கியிருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்க வேண்டும். அப்படிப்பட்டவரைத் தனியே அனுப்பக் கூடாது.

வேகமாக நடப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நல்ல உடற்தகுதி உயர நோயைத் தடுக்காது. இன்னும் வேகமாக மேலே கொண்டுபோய் அதில் மாட்டிவிடும். மதுவும் தூக்க மாத்திரையும் இரவு மூச்சை மந்தமாக்கும், இரண்டும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி குளிர்ந்த விரலில் தவறாகக் காட்டும். விரலைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்த மலைக் கிராமத்துக்காரர்கள், இந்தி பேசுகிறவர்கள். மொழி தெரியாத கூச்சத்தாலேயே நம்மவர்கள் வலியை விழுங்குகிறார்கள். நான்கு சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். 'சிர் தர்த்' என்றால் தலைவலி. 'உல்டி' வாந்தி. 'சக்கர்' தலைசுற்றல். 'சான்ஸ்' மூச்சு. இலக்கணம் தேவையில்லை. சொல்லைச் சொல்லி அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

10. இறக்கம்

சிகர நாளுக்கு முந்தைய மாலையில் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் மீண்டும் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் வழுக்காது. நடைக்கோலின் நீளத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். விழுந்து கணுக்கால் சுளுக்குவது அநேகமாகக் கடைசி நாளில், ஊர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, பேசிக்கொண்டே நடக்கும்போதுதான் நடக்கிறது.

வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் கோவேறு கழுதை ஓட்டுகிறவருக்கும் கொடுக்க நினைக்கும் பணத்தை டேராடூனிலேயே ரொக்கமாக எடுத்து, தனித்தனி உறைகளில் வைத்துக்கொள்ளுங்கள். மலைக் கிராமத்தில் ஏடிஎம்மை நம்ப முடியாது. கடைசி முகாமிலேயே கொடுத்துவிடுங்கள். சங்கிரியில் வண்டி ஏறும் அவசரத்தில் சமையல்காரர் கண்ணில் படமாட்டார், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்.